இளந்தோளும் பொறுப்பும்

புதுப்பட்டினத்துக் கடற்கரை நமக்குப் பழக்கமான இடம். அருகே சதுரங்கப்பட்டினத்தில் ஒல்லாந்தர் கட்டிய கோட்டை. சற்றுத் தொலைவில் கல்பாக்கம் அணுமின் நிலையம். தெற்கே பாலாறு கடலைச் சேரும் முகத்துவாரம். பழமையும் புதுமையும் அருகருகே நிற்கும் இக்கரையில், கடல் அமைதியாயிருக்கும் ஒரு விடுமுறை நாளில், மீனவத் தந்தை தம் மகனுக்குப் படகு செலுத்தக் கற்றுக்கொடுக்கும் காட்சியைக் காணலாம். எஞ்சின் பிடியை மகனிடம் கொடுத்துவிட்டு அவர் பக்கத்தில் அமர்ந்துகொள்கிறார். கையை எடுத்துவிடுகிறார்; கண்ணை எடுப்பதில்லை. புயல் வீசும் நாளில் அவர் முதன்முறையாகப் பிடியைக் கொடுப்பதில்லை. அதே வேளையில், வாழ்நாள் முழுவதும் தாமே பிடித்துக்கொண்டிருக்க வேண்டுமென்றும் அவர் எண்ணுவதில்லை.

இளையவர்மீது எப்போது, எவ்வளவு, எப்படிப் பொறுப்பை வைப்பது என்னும் கேள்விக்கு அந்தத் தந்தை தம் தொழிலில் விடை கண்டிருக்கிறார். குடும்பத்திலும் ஊரிலும் திருச்சபையிலும் அதே கேள்விக்கு நாம் தந்துவரும் விடை சரியானதுதானா என்று எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிறுபிள்ளை இட்ட வேளாண்மை வீடு வந்து சேராது என்பது நம் முன்னோர் பழமொழி. இளங்கன்று பயமறியாது என்பது மற்றொன்று. இவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் நாம் இவற்றை எப்போது நினைவுகூர்கிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும். இளைஞன் ஒருவன் கூட்டத்தில் எழுந்து கருத்துச் சொல்ல முற்படும்போது இப்பழமொழிகள் நம் நாவில் வந்து நிற்கின்றன. தந்தை நோயில் விழுந்த வீட்டில் மூத்த பிள்ளையின் படிப்பு நின்றுபோகிறது. தாய் வேலைக்குச் செல்லும் வீட்டில் பத்து வயதுச் சிறுமி அடுப்பையும் கைக்குழந்தையையும் பார்த்துக்கொள்கிறாள். அப்போது வேளாண்மை வீடு வந்து சேருமா என்று எவரும் கேட்பதில்லை. சுமக்கும் வேளையில் பெரியவர்களாகவும், பேசும் வேளையில் சிறியவர்களாகவும் நாம் நம் பிள்ளைகளை நடத்துகிறோம்.

சுமையும் பொறுப்பும் ஒன்றென்று எண்ணுவதே நம் பிழை. சுமை என்பது பிறர் தீர்மானித்து ஒருவர் தோளில் ஏற்றி வைப்பது. பொறுப்பு என்பது தீர்மானத்தில் பங்கு பெற்று, அதன் விளைவுக்குப் பதில் சொல்லவும் முன்வருவது. சுமையால் தோள் வலுக்கலாம், ஒடிந்தும் போகலாம். மனிதன் வளர்வது பொறுப்பினால்தான். இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டு விவிலியத்தைப் புரட்டினால், பன்முறை வாசித்த பகுதிகளும் புதிய பொருள் தருகின்றன.

தமிழ் மரபிலும் இதற்கு ஒரு கதை உண்டு. இளமையிலேயே அரியணை ஏறிய கரிகால் சோழனிடம் முதியோர் இருவர் வழக்கோடு வந்தனர். அவனுடைய இளமையைக் கண்டு, இவன் எப்படி நீதி வழங்குவான் என்று அவர்கள் ஐயுற்றனர். அதை உணர்ந்த கரிகாலன் நரைமுடி அணிந்து முதியவனைப்போல் அவையில் அமர்ந்து வழக்கைக் கேட்டான். தீர்ப்பு வழங்கியபின் தான் யாரென்பதைக் காட்டினான். அவனுடைய கூர்மதியைப் போற்றவே இக்கதையைச் சொல்கிறோம். எனினும் இதற்குள் ஒரு வருத்தமும் ஒளிந்திருக்கிறது. நீதி அவனுக்குள் முன்பே இருந்தது. அது செவியேற வேண்டுமானால் பொய்நரை தேவைப்பட்டது. குறை அரசனிடம் இல்லை, வழக்காளிகளின் கண்ணிலேயே இருந்தது.

இதன் பக்கத்தில் தானியேல் நூலின் இணைப்பில் வரும் சூசன்னாவின் வரலாற்றை வைத்துப் பார்ப்போம். மக்களின் நடுவர்களாயிருந்த முதியோர் இருவர் மாசற்ற ஒரு பெண்மீது பொய்க்குற்றம் சுமத்துகின்றனர். அவர்களுடைய வயதையும் பதவியையும் மதித்து மக்கள் கூட்டம் அதை நம்பிவிடுகிறது. சாவுத் தீர்ப்பும் வழங்கப்படுகிறது. அப்போது இளைஞன் தானியேல், இக்குருதிப் பழியில் தனக்குப் பங்கில்லை என்று உரக்கக் கூவுகிறான். விசாரிக்காமலே ஓர் இஸ்ரயேல் மகளைச் சாவுக்குத் தீர்ப்பிட்டீர்களே என்று மக்களைக் கடிந்துகொள்கிறான். பின்பு இருவரையும் தனித்தனியே அழைத்து, எந்த மரத்தின் அடியில் கண்டீர்கள் என்று கேட்டு அவர்களுடைய பொய்யை வெளிப்படுத்துகிறான்.

தானியேலின் அறிவை நாம் எல்லாரும் வியக்கிறோம். ஆனால் அதே நிகழ்ச்சியில் இன்னொரு பெருந்தன்மையும் உண்டு. அவன் கூவியபோது, அங்கிருந்த மற்ற மூப்பர்கள் அவனைத் தங்கள் நடுவே வந்து அமரச் சொல்கிறார்கள். முதியவருக்குரிய உரிமையைக் கடவுளே அவனுக்கு அளித்திருக்கிறார் என்று ஒப்புக்கொள்கிறார்கள். அவன் நரைமுடி அணிய வேண்டியிருக்கவில்லை. அந்த மூப்பர்கள் இடம் விட்டிராவிட்டால் தானியேலின் அறிவும் வீணாகியிருக்கும், சூசன்னாவின் உயிரும் போயிருக்கும். இளையவரின் குரலை அடக்கும்போது ஓர் இளைஞனின் மனம் புண்படுகிறது என்பதோடு விளைவு நின்றுவிடுவதில்லை. யாரோ ஒரு சூசன்னாவுக்கு நீதி மறுக்கப்படுகிறது.

அப்படியானால் இளமையில் தலைமையைக் கொடுத்துவிட்டாலே போதுமா? போதாது என்பதை யூதாவின் சிறுவர் அரசர்கள் இருவர் நமக்குக் காட்டுகிறார்கள். ஒருவர் ஏழு வயதில் அரசரான யோவாசு. மற்றவர் எட்டு வயதில் அரசரான யோசியா. இருவருமே தந்தையை இழந்த பிள்ளைகள். இருவர் காலத்திலும் எருசலேம் கோவில் பழுதுபார்க்கப்பட்டது. ஆயினும் இருவரின் முடிவும் ஒன்றல்ல.

அத்தலியாவின் வாளுக்குத் தப்பி ஆறு ஆண்டுகள் கோவிலில் மறைந்து வளர்ந்தவர் யோவாசு. குரு யோயாதா அவரைக் காத்தார், முடிசூட்டினார், கற்பித்தார். அவருக்குப் பெண் பார்த்து மணம் முடித்ததும் அவரே என்று குறிப்பேட்டு நூல் கூறுகிறது. யோயாதா உயிரோடிருந்த காலமெல்லாம் யோவாசு நேரிய வழியில் நடந்தார். யோயாதா இறந்தபின் யூதாவின் தலைவர்கள் வந்து அரசரை வணங்கி நின்றார்கள். அரசர் அவர்களுடைய சொல்லுக்கு இணங்கினார். ஆண்டவரின் இல்லம் கைவிடப்பட்டது. கண்டித்துப் பேசிய செக்கரியாவை, தம்மைக் காத்து வளர்த்த யோயாதாவின் மகனையே, அரசர் கட்டளையிட்டுக் கோவில் முற்றத்தில் கல்லெறிந்து கொல்லச் செய்தார் (2 குறி 24). நன்றி மறந்தவர் என்று அவரைப் பழிப்பது எளிது. அதற்குமேலும் ஒன்றை நாம் சிந்திக்கலாம். யோவாசின் நேர்மை அவருக்கென்று வேரூன்றியிருக்கவில்லை. அது யோயாதாவின்மீது படர்ந்த கொடியாகவே இருந்தது. மரம் சாய்ந்தவுடன் கொடி அடுத்து நின்ற கொம்பைப் பற்றிக்கொண்டது. நல்லவர் சொன்னதைச் செய்து பழகியவர், தீயவர் சொன்னபோதும் சொன்னதையே செய்தார்.

யோசியாவின் வரலாறு வேறு. தந்தை ஆமோன் கொலையுண்டவர்; பாட்டனார் மனாசே நாட்டைச் சிலைகளால் நிரப்பியவர். பின்பற்றத்தக்க மாதிரி வீட்டில் இல்லை. ஆயினும் ஆட்சியின் எட்டாம் ஆண்டில், அதாவது பதினாறு வயதளவில், அவர் கடவுளைத் தேடத் தொடங்கினார். நான்கு ஆண்டுகள் தேடியபின், பன்னிரண்டாம் ஆண்டில், நாட்டைத் தூய்மைப்படுத்தத் தொடங்கினார். பதினெட்டாம் ஆண்டில் கோவிலைப் பழுதுபார்த்தபோது திருச்சட்ட நூல் கண்டெடுக்கப்பட்டது. அது வாசிக்கப்படக் கேட்டதும் அவர் தம் ஆடையைக் கிழித்துக்கொண்டார். முன்னோர் செய்த பிழை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவில்லை. அதன் பொருளை அறிந்துவர இறைவாக்கினர் குல்தாவிடம் ஆளனுப்பினார். பின்னர் சிறியோர் முதல் பெரியோர் வரை அனைவரையும் கூட்டி, அவர்கள் கேட்க அந்நூலைப் படித்தார்.

தேடியது, கேட்டது, கேட்டதைத் தம்மைக் குறித்த சொல்லாக ஏற்றது, பிறகே பிறருக்கு முன் நின்றது. யோசியாவின் தலைமை இந்த வரிசையில் வளர்ந்தது. அவரும் குறையற்றவர் அல்லர். எகிப்திய மன்னன் நெக்கோ விடுத்த எச்சரிக்கையைக் கேளாமல் போருக்குச் சென்று மெகிதோவில் வீழ்ந்தார். கேட்பதை நிறுத்திய நாளே அவருடைய வீழ்ச்சியின் நாளாயிற்று என்பதும் ஒரு பாடமே. யோவாசுக்குக் கிடைத்தது கண்காணிப்பு. யோசியாவிடம் இருந்தது தேடல். நம் பிள்ளைகளுக்கு நாம் பெரும்பாலும் முன்னதையே கொடுத்துவிட்டு, பின்னதன் கனிகளை அவர்களிடம் எதிர்பார்க்கிறோம்.

இளமை என்பதே ஒரு தகுதி என்று சொல்லிவிடவும் முடியாது. சாலமோனின் மகன் ரெகபெயாம், மக்களின் சுமையைக் குறைக்கும்படி மூத்தோர் கூறிய அறிவுரையைத் தள்ளிவிட்டு, தம்மோடு வளர்ந்த இளையோரின் பேச்சைக் கேட்டு நாட்டைப் பிளவுபடுத்தினார். அவர் அரசரானபோது அவருக்கு வயது 41 என்பது நாம் கவனிக்க மறந்துவிடும் செய்தி. வயது ஏறியும் பொறுப்பு ஏறாத மனிதர் அவர். அவருடைய தந்தை சாலமோனோ, ஆட்சியேற்றபோது தாம் நடந்துகொள்ளும் முறை அறியாச் சிறுவன் என்று கடவுள்முன் ஒப்புக்கொண்டு, கேட்டறியும் உள்ளத்தை வேண்டிப் பெற்றார். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிவுள்ளவனே தலைமைக்குத் தகுதி பெறுகிறான். தன் இளமையைச் சாக்காகச் சொன்ன எரேமியாவின் மறுப்பை ஆண்டவர் ஏற்கவில்லை என்பதையும் நம் இளையோர் நினைவிற்கொள்ள வேண்டும். இடம் கிடைக்கவில்லை என்று குறைப்படும் இளைஞர், கிடைத்த இடத்தில் உழைக்கவும் பதில் சொல்லவும் ஆயத்தமாயிருக்க வேண்டும்.

இனி மூத்தோராகிய நம் பக்கம் திரும்புவோம். சீலோவில் சிறுவன் சாமுவேல் தன் பெயர் அழைக்கப்படுவதைக் கேட்டு மும்முறை ஏலியிடம் ஓடுகிறான். அழைப்பவர் ஆண்டவர் என்பதை உணர்ந்து, எப்படி மறுமொழி கூற வேண்டுமென்று கற்பித்து அனுப்புகிறார் முதியவர் ஏலி. இதுவரை நாம் மறைக்கல்வி வகுப்புகளில் பலமுறை சொல்கிறோம். தொடர்ந்து நடப்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. அன்றிரவு அச்சிறுவன் கேட்ட செய்தி, ஏலியின் குடும்பத்துக்கு வரவிருந்த தண்டனை. காலையில் அதைச் சொல்ல அவன் அஞ்சுகிறான். ஏலியோ, எதையும் மறைக்காமல் சொல்லும்படி அவனை வற்புறுத்துகிறார். தமக்கு எதிரான தீர்ப்பை ஒரு சிறுவன் வாயால் கேட்டு, அது ஆண்டவரின் திருவுளம் என்று தலைவணங்குகிறார். தம் புதல்வரைத் திருத்தத் தவறிய ஏலி, இந்த ஒரு செயலில் நமக்கெல்லாம் ஆசிரியராகிறார். இளையவருக்குப் பேசக் கற்றுக்கொடுப்பது எளிது. அவர்கள் பேசத் தொடங்கியபின் நமக்கு ஒவ்வாததையும் கேட்டுக்கொள்வதுதான் அரிது.

இங்கே நம் குற்றத்தையும் ஒப்புக்கொள்வது முறை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்கில் திருவிழாவை ஒட்டிக் கூடிய கூட்டத்தில் நாமும் அமர்ந்திருந்தோம். தோரணம் கட்டியதும் தேர் சுமந்ததும் இருக்கைகளை அடுக்கியதும் இளைஞர்களே. அவர்களுள் ஒருவர் எழுந்து, வசூலான தொகையில் ஒரு பகுதியைப் படிப்பை நிறுத்திவிட்ட பிள்ளைகளுக்கு ஒதுக்கலாமே என்றும், செலவுக் கணக்கைக் கோவில் பலகையில் ஒட்டலாமே என்றும் பணிவாகவே கேட்டார். பெரியவர் ஒருவர், தம்பி, நீ பிறப்பதற்கு முன்பிருந்தே இந்தத் திருவிழா நடக்கிறது, உட்கார் என்றார். கூட்டம் சிரித்தது. நாம் சிரிக்கவில்லை, ஆனால் பேசவும் இல்லை. அந்த இளைஞர் அதன்பின் எந்தக் கூட்டத்துக்கும் வந்ததாக நாம் காணவில்லை. இன்றைய இளைஞர்களுக்கு ஆலயப் பற்று இல்லை என்று யாரேனும் சொல்லும்போதெல்லாம் அந்த முகம் நம் நினைவுக்கு வருகிறது. சூசன்னாவைச் சுற்றி நின்ற கூட்டத்தில் தீயவர் இருவரே; பேசாதிருந்தவர் பலர். அந்தப் பலருள் நாமும் இருந்தோம்.

திருச்சபையின் சட்டம் நம்மைவிடத் தாராளமானது. பதினாறு வயது நிறைந்து, உறுதிப்பூசுதலும் நற்கருணையும் பெற்று, நம்பிக்கை வாழ்வு வாழ்பவர் ஞானப்பெற்றோராகத் தகுதியுடையவர் என்று திருச்சபைச் சட்டத்தின் 874ஆம் பிரிவு கூறுகிறது. ஒரு குழந்தையின் விசுவாச வாழ்வுக்குத் துணைநிற்கப் பதினாறு வயது போதுமென்று திருச்சபை கருதுகிறது. நம் நாட்டிலும் 1989 முதல் பதினெட்டு வயதினர் வாக்களிக்கிறார்கள். இருபத்தொரு வயதினர் ஊராட்சித் தேர்தலில் போட்டியிடலாம். ஓர் ஆன்மாவுக்கு ஞானத்தாயாக நிற்கத் தகுதியுள்ள பெண், பங்குப் பேரவையில் ஒரு வரவுசெலவுக் கணக்கைப் பற்றிக் கேட்கத் தகுதியற்றவளா? திருத்தந்தை பிரான்சிசு 2019ஆம் ஆண்டு இளையோருக்கும் இறைமக்கள் அனைவருக்கும் எழுதிய திருத்தூது ஊக்கவுரையில், இளையோர் நாளைய உலகம் மட்டுமல்லர், இன்றைய உலகமும் அவர்களே என்னும் கருத்தை வலியுறுத்தினார். நாளை, நாளை என்று சொல்லியே அவர்களுடைய இன்றைப் பறித்துக்கொள்ள நமக்கு உரிமையில்லை.

பொறுப்பை எப்படிப் பகிர்வது என்பதற்கு நம் கரையே ஒரு சான்று தருகிறது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, திருக்குடும்பப் பெருவிழா. குழந்தையைக் காக்க யோசேப்பு இரவோடிரவாக எகிப்துக்கு ஓடிய நற்செய்தி வாசிக்கப்பட்ட அந்நாளில், ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கியது. கல்பாக்கத்தில் அப்போது இயங்கிக்கொண்டிருந்த இரண்டாம் அணு உலையின் நீரேற்று நிலையத்தில் கடல்நீர் புகுந்தது. கட்டுப்பாட்டு அறையில் பணியிலிருந்தவர்கள் உடனே செயல்பட்டு உலையைப் பாதுகாப்பாக நிறுத்தினார்கள். தலைமை அலுவலகத்தின் ஆணை வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. அதற்கான பயிற்சியும் அதிகாரமும் முன்பே அவர்களுக்குத் தரப்பட்டிருந்தன. நெருக்கடி நேரத்தில் ஒருவரிடமிருந்து பொறுப்பை எதிர்பார்ப்போமானால், அமைதி நேரத்திலேயே அதை அவரிடம் ஒப்படைத்திருக்க வேண்டும்.

அதே நாளில் குப்பங்களில் வேறொன்றும் நடந்தது. பெற்றோரை இழந்த வீடுகளில், மூத்த பிள்ளைகள் ஒரே காலையில் தாயாகவும் தந்தையாகவும் ஆனார்கள். அவர்களுக்கு எவரும் அமைதியான கடலில் பிடியைக் கொடுத்துப் பழக்கியிருக்கவில்லை. அவர்களுடைய உறுதியை நாம் வணங்குகிறோம். ஆனால் அதைப் போற்றுவதோடு நின்றுவிட்டால் தவறிழைப்போம். அது அவர்கள் தேர்ந்துகொண்ட தலைமை அல்ல, அவர்கள்மீது விழுந்த சுமை. அத்தகைய பிள்ளையிடம், நீ பொறுப்பானவள் என்று புகழ்வதைவிட, இந்தச் சுமையில் பாதியை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம், நீ பள்ளிக்குப் போ என்று சொல்வதே கிறிஸ்தவ அன்பு. சுமையைப் பெரியவர்கள் பகிர்ந்துகொள்வதும், தீர்மானத்தைச் சிறியவர்களோடு பகிர்ந்துகொள்வதும் ஆகிய இரண்டும் சேர்ந்து நடைபெற வேண்டும்.

இது நடக்காத காரியம் அல்ல. குமரி மாவட்டத்தில் அருட்பணி எட்வின் அவர்களின் முயற்சியால் வேரூன்றிய குழந்தைகள் பாராளுமன்றங்கள் இதற்குச் சான்று. ஏறத்தாழ முப்பது வீடுகள் கொண்ட சிறு சுற்றுப்புறத்தில் பிள்ளைகள் கூடி, கல்விக்கும் சுகாதாரத்துக்கும் தங்களுக்குள் அமைச்சர்களைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்கள். தெருவிளக்கையும் குடிநீரையும் பள்ளிக்கு வராத தோழனையும் பற்றிப் பேசுகிறார்கள். நம் அன்பியக் கூட்டங்களில் செபமாலை முடிந்தபின் பத்து நிமிடம் பிள்ளைகளுக்கு ஒதுக்குவது கடினமா? அவர்கள் எழுப்பும் ஒரு கேள்விக்கு அடுத்த மாதம் விடை சொல்வது கடினமா? பங்குப் பேரவையில் இருபது வயதினர் இருவர் பார்வையாளராக அல்லாமல் உறுப்பினராக அமர்வது கடினமா? திமொத்தேயுவின் இளமையை எவரும் தாழ்வாகக் கருதக் கூடாது என்று அவருக்கு எழுதிய பவுல், அவரை அச்சமின்றித் தங்களோடிருக்கச் செய்யுங்கள் என்று கொரிந்து நகரத் திருச்சபையையும் கேட்டுக்கொண்டார். இளைஞரின் துணிவு அவருடைய கடமை மட்டுமன்று, சபையின் கடமையும் ஆகும்.

பன்னிரண்டு வயதில் எருசலேம் கோவிலில் நம் ஆண்டவர் போதகர்கள் நடுவே அமர்ந்திருந்தார். அவர் கேட்டுக்கொண்டும் வினவிக்கொண்டும் இருந்தார் என்கிறார் லூக்கா. அப்போதகர்களின் பெயர்கள் நமக்குத் தெரியாது. ஆனால் நாசரேத்து ஊர்ச் சிறுவன் ஒருவனுக்குத் தங்கள் நடுவே இடம் கொடுத்து, அவனுடைய கேள்விகளைச் செவிமடுத்தவர்கள் அவர்கள். மரியாவுக்கும் அவர் சொன்னது முழுவதும் விளங்கவில்லை. ஆயினும் அவற்றைத் தம் உள்ளத்தில் இருத்திக்கொண்டார். இயேசுவோ அவர்களோடு நாசரேத்துக்குச் சென்று பணிந்து வாழ்ந்தார். கேள்வி கேட்கும் இளமை, இடம் கொடுக்கும் முதுமை, விளங்காதபோதும் தள்ளிவிடாத தாய்மை ஆகிய மூன்றும் அங்கே கூடியிருந்தன.

அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்து கூட்டம் கூடும்போது, கடைசி வரிசையில் ஓர் இளங்கை உயரக்கூடும். அன்று நாம் வாய் திறந்து, வா, எங்கள் நடுவே வந்து அமர்ந்து சொல் என்று கூறும் வரத்தை ஆண்டவர் நமக்கு அருள்வாராக.